நேர்முகப் படம்

காற்று இலவசம் என்று சொன்னவன்
மணிக்கு நாற்பதில் சைக்கிள் மிதித்திருக்க மாட்டான்.

இருபதில் அது தோளில் கைபோட்டுக் கூட வரும்.
முப்பதில் கையை எடுத்து மார்பில் வைக்கும்.
நாற்பதில்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
வழியை மறித்து நிற்கும்.
வேகம் இரு மடங்கானால்
கால்கள் எட்டு மடங்கு கட்ட வேண்டுமாம்.
மீட்டர் வட்டிக்காரனும் கூசுகிற கணக்கு.

பெங்களூரில் ஒரு டைம் ட்ரையல் சைக்கிள் இருக்கிறது.
கார்பன். கறுப்பு. ஐம்பத்து நான்கு சைஸ்.
தேவய்யா என்பவர் இரண்டு வருடம் ஓட்டியது.
ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.
கடைசி விலை என்று மூன்று முறை சொன்னார்,
மூன்று முறையும் வேறு வேறு விலை.
படத்தை விரலால் அகட்டி அகட்டிப் பார்க்கிறேன்.
மீன் முதுகைப் போல ஒடுங்கும் குழாய்கள்.
ஒரு கேபிள் வெளியே தெரியவில்லை.

நைட் டூட்டிப் படியும் சேர்த்து
என் சம்பளம் முப்பத்தோராயிரம்.

பியூலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
"எவ்வளவு சீக்கிரம் போகும்?"
நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம், என்றேன்.
அவள் பூண்டு உரிக்கத் திரும்பினாள்.
ஒன்றரை நிமிடத்தில்
ஐந்து பல் உரித்திருந்தாள்.

ராத்திரி எக்ஸ்ரே அறையில்
குடியாத்தத்திலிருந்து ஒருவர், சித்தூரிலிருந்து ஒருவர்,
ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்த வங்காளி ஒருவர்.
மூன்று மொழியிலும் ஒரே வசனம்தான்:
முழங்கையை முன்னால கொண்டுவாங்க,
தோளை உள்ள குறுக்குங்க,
மூச்சை இழுங்க, பிடிங்க.
பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறேன்.
அன்றைக்குத்தான் என் காதிலேயே விழுந்தது.

காற்றும் நேர்முகமாகத்தான் படம் எடுக்கிறது.
அதன் ஃபிலிமில்
சைக்கிள் ஒரு மெல்லிய கோடு.
மீதி வெள்ளையெல்லாம் நான்.

மேல்விஷாரம் தன்வீரிடம் ஒரு ஏரோ பார் இரவல் வாங்கி
என் பழைய அலுமினியத்தில் முடுக்கினேன்.
விடியற்காலை நாலேகால்,
காட்பாடி மேம்பாலத்தின் உச்சி.
மிதிக்கக் கூடாது, உருள மட்டும் வேண்டும்.
நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு.
நிமிர்ந்து மூன்று முறை,
முழங்கையை ஊன்றிப் படுத்து மூன்று முறை.
தொப்பை தொடையில் இடித்தது.
பிடரி வலித்தது.
கோடு மட்டும் தள்ளித் தள்ளிப் போனது.

குனிந்து அடி வைத்து அளக்கிறேன்,
பால் வண்டிக்காரர் வேகம் குறைத்தார்:
"ஏதாவது விழுந்துடுச்சா?"
"அறுபத்திரண்டு" என்றேன்.
அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அறுபத்திரண்டு அடி.
செலவு, பாதி சாக்பீஸ்.

ஏரோ பார் ஆறாயிரத்து ஐந்நூறு.
உடம்போடு ஒட்டுகிற சட்டை இரண்டாயிரத்து எண்ணூறு,
அதைப் போட்டுக்கொண்டு
கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கும் வெட்கம் தனி.
ஹெல்மெட்டைச் சொல்லவில்லை.
தொப்பைக்கு விலைப்பட்டியல் கிடையாது.
எல்லாம் தெளிவாகிவிட்டது என்றுதான்
பியூலாவிடமும் சொன்னேன்.
நம்பினாள் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் தேவய்யாவின் படத்தை அழிக்கவில்லை.
வெயில் ஏறிய பாலாற்று மணலைத் தாண்டி
பாலத்தில் பக்கவாட்டுக் காற்று தள்ளும்போதெல்லாம்
அந்தக் கறுப்புக் கோடு
கண்ணுக்குள் ஒரு தடவை நழுவிப் போகும்.

நேற்று டூட்டி முடிந்து
ஈய ஏப்ரனை ஆணியில் மாட்டும்போது போன் வந்தது.
"சார், ஒன்று அறுபது. இதுதான் கடைசி."

மூச்சை இழுத்தேன்.
பிடித்தேன்.

விடலாம் என்று சொல்ல வேண்டியவன்
இந்த அறையில்
நான் ஒருவன்தான்.